மடியில் கனமில்லை – 9: ஓரி மலையில் ஐந்நூறு ரூபாய்

சென்ற வாரம் சென்னை சபாக்களின் மார்கழி மதியக் கச்சேரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே புகார். "டிக்கெட் இல்லாத கச்சேரி, கட்டணமில்லாத கண்காட்சி எல்லாம் பட்டணத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்க நாங்கள் ரயில் ஏறி வரவேண்டும். அந்தச் செலவுக்கு இங்கேயே டிக்கெட் வாங்கிப் படம் பார்த்துவிடலாமே?"

நியாயமான கேள்வி. அதனால் இந்த வாரம் பட்டணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலை ஏறுவோம்.

தொடரின் விதி தெரிந்ததுதான். கிளம்பும்போது சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. இந்த முறை கிளம்பிய இடம் நாமக்கல். போன இடம் கொல்லிமலை. காலம் ஆடி மாதம் 17, 18. பெரும்பாலும் ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் வரும். அந்த இரண்டு நாளும் மலைமேல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அரசு நடத்துவது, வாசல் டிக்கெட் கிடையாது. ஆடிப்பெருக்கும் அதோடு சேர்ந்துகொள்வதால் மலையே திருவிழாவாக இருக்கும்.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இலவசத்தில் கஷ்டமான பகுதி அதைக் கண்டுபிடிப்பதுதான். காசு வாங்கும் நிகழ்ச்சிக்கு நாளிதழில் அரைப்பக்க விளம்பரம் வரும், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போவார்கள். காசு வாங்காத நிகழ்ச்சிக்கு யார் செலவு செய்து விளம்பரம் கொடுப்பார்கள்? அது சுவரில் இருக்கும். சேந்தமங்கலம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்கையில் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி ஒன்று, பூப்புனித நீராட்டு விழா ஒன்று, பழைய சர்க்கஸ் ஒன்றின் கிழிந்த யானை. அவற்றின் மேல் பசை காயாத நோட்டீஸ் ஒன்று: வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, அரசுத் துறைகளின் பணி விளக்கக் கண்காட்சி, கிராமியக் கலை நிகழ்ச்சிகள், சிறப்புப் பேருந்துகள். கீழ்மூலையில் இடமும் நேரமும்.

சுவரை விட்டால் அடுத்து டீக்கடை பேப்பரின் மாவட்டப் பக்கம். ஆட்சியர் அலுவலகத்துச் செய்திக் குறிப்பை அங்கே அப்படியே போட்டிருப்பார்கள். படிக்க உலர்ந்த சாணி மாதிரி இருக்கும். "மாண்புமிகு" எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் பத்திக்குப் போங்கள், தேதியும் இடமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ரேஷன் கடைப் பலகை, பஞ்சாயத்து அலுவலகத் திண்ணை, கோயில் மதிலில் ஒட்டிய அழைப்பிதழ் இவற்றையும் விடாதீர்கள். போனில் தேடுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போனில் தேடினால் கொல்லிமலையில் விடுதி வாடகைதான் முதலில் வருகிறது.

பேருந்து. சமவெளியில் ஓடும் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மலைக்கு ஏறும் வண்டியிலும் அப்படித்தான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல் நடத்துநரிடம் ஒரு வார்த்தை கேட்டு ஏறுங்கள். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரத்துக் காரவள்ளியில் வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகையோடு. எனக்கு முன் இருக்கையில் இருந்த சிறுவன் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தான். முப்பத்து எட்டில் சத்தம் நின்றது. அவன் அம்மா அவசரமாக ஜன்னலைத் திறந்தாள். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், முட்டச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். இந்த எழுபதுக்குப் பயந்தவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது.

செம்மேட்டில் இறங்கினால் குதிரைமேல் ஓரி. கையில் வில். அன்று கழுத்தில் மாலைக்கு மேல் மாலை.

கண்காட்சித் திடலில் வேளாண்மை, தோட்டக்கலை, வனம், சுகாதாரம், மகளிர் குழுக்கள் என்று வரிசையாக அரங்குகள். ஐந்நூறு ரூபாய்க்காரனுக்கு இது சொர்க்கம். ஒரு மேசையில் ரத்த அழுத்தம் பார்த்துச் சொன்னார்கள். அடுத்ததில் சர்க்கரை. ஊரில் இதையே பார்க்க நான் ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு இடத்தில் துணிப்பை. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' நினைவிருக்கிறதல்லவா, அதன் புண்ணியம். மிளகுக் கொடியில் வரும் வாடல் நோய்க்கு என்ன செய்வது என்று ஒரு துண்டுப் பிரசுரம். என்னிடம் மிளகுக் கொடி இல்லை, இருந்தாலும் வாங்கிப் படித்தேன். நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் சறுக்கினேன். ஒரு மேசையில் மரக்கன்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீள வரிசை. என்ன கன்று என்று பார்க்காமலே கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் கண்டாங்கி கட்டிய அம்மா ஒருவர், எழுபது வயதிருக்கும். திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குக் காடு எந்தப் பக்கங்க?"

இந்தப் பக்கத்தில் காடு என்றால் விளைநிலம். எனக்கு இருப்பது வாடகை வீடு, அதிலும் இரண்டாம் மாடி, துணி காயப்போட ஒரு பால்கனி.

"காடு இல்லைங்கம்மா. சும்மா…"

"சும்மா வாங்கிப் போய் எங்க வெப்பீங்க கண்ணு?"

கோபமில்லை, கிண்டலுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வரிசையை விட்டு விலகினேன். அவர் வாங்கிய இரண்டு கன்றுகளையும் குழந்தையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோனார்.

இந்தத் தொடரில் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று, ஒன்பதாம் வாரம் மலையில் வந்து கற்றுக்கொண்டேன். இலவசத்தில் இரண்டு ஜாதி. ஒன்று வருகிறவர் எல்லோருக்குமானது: கூத்து, கண்காட்சி, சாமி தரிசனம், பந்திச் சாப்பாடு. இன்னொன்று இன்னாருக்கு என்று வைத்தது. மேடையில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும் பட்டாவும் தையல் இயந்திரமும் நமக்கில்லை என்று நமக்கே தெரியும், யாரும் போய் நிற்கமாட்டோம். நடுவில் இருக்கும் கன்று, விதை, கருவேப்பிலை நாற்று விஷயத்தில்தான் கை தானாக நீள்கிறது. மலைமேல் இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். நாடு நாடாகப் பிரிந்த ஊர்கள்: வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, இப்படிப் பதினாலு. கன்று அவர்கள் காட்டுக்கு. நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

'இலவசம்' என்ற சொல்லுக்கே நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு. 2006-க்குப் பின் 'இலவச' வண்ணத் தொலைக்காட்சி. 2011-ல் ஆட்சி மாறியதும் அரிசி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் 'விலையில்லா' ஆயின. வாங்குகிறவர் கூசக்கூடாது என்று சொல்லை மாற்றினார்கள் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கொடுத்தவரின் படத்தை மட்டும் எந்த ஆட்சியும் பொருளிலிருந்து எடுக்கவில்லை.

படம் ஒட்டாமல் கொடுத்தவன் ஒருவன் இதே மலையில் இருந்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி. வன்பரணர் என்ற புலவர் அவனைப் பாடியது புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. கலைஞர் கூட்டம் ஒன்று பசியோடு காட்டுவழி வருகிறது. வழியில் ஒரு வேட்டுவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் நிற்கிறது. யாரென்று தெரியாத அவன்முன் இவர்கள் வாத்தியங்களை இசைத்துப் பாடுகிறார்கள். பாட்டில் அரசன் என்ற பேச்சு வந்ததும் அவன் வெட்கப்படுகிறான். மேலே பேசவிடாமல் இறைச்சியும் தேறலும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் கையில் திணித்து அனுப்பிவிடுகிறான். தன் பெயரை அவன் வாயால் சொல்லவேயில்லை.

அடுத்த பாட்டு, 153, எனக்கு இன்னும் பிடித்தது. அதையும் வன்பரணர்தான் பாடினார். ஓரியிடம் போன கூத்தர்கள் வயிறு நிறையத் தின்று, ஆடுவதையும் பாடுவதையும் மறந்தே போனார்களாம். இன்றைய நிபுணர் எவராவது இதைப் படித்தால், இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது என்பதற்குச் சங்க காலத்துச் சான்று கிடைத்தது என்று கட்டுரை எழுதிவிடுவார். வன்பரணர் அதைப் புகழாகத்தான் சொல்கிறார். பசியால் ஆடியவர்களுக்கு ஆடத் தேவையில்லாத ஒரு நாள் கிடைத்ததே என்ற சந்தோஷம் அவருக்கு.

கேட்டுப்போய்க் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஓரியை முன்னிறுத்தியே ஒரு பாட்டு இருக்கிறது. கழைதின் யானையார் பாடிய 204. கிடைக்காமல் திரும்புகிறவர்கள் கொடுக்காதவனைத் திட்டமாட்டார்களாம், கிளம்பிய நேரத்தையும் சகுனத்தையும்தான் நொந்துகொள்வார்களாம். அன்னதானப் பந்தியில் சோறு தீர்ந்துபோய்த் திரும்பும் ஒவ்வொருவரும் இதைப் படித்திருக்க வேண்டும். இரண்டு மணிக்குப் போய்ப் பரிமாறுகிறவரிடம் சண்டை போடுவது நம் சகுனத்தின் குற்றமா, கைக்கடிகாரத்தின் குற்றமா?

ஓரியின் கதை நல்லபடியாக முடியவில்லை. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அள்ளிக் கொடுத்தவனின் மலையே இன்னொருவர் கொடுக்கும் பொருளாகிப் போயிற்று.

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தபோது இப்படியொரு வேலையை யாரும் செய்ததில்லை என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மலையிலிருந்து வந்த பிறகு யோசித்தால், பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆற்றுப்படை என்றால் வேறென்ன? கொடை வாங்கித் திரும்பும் பாணன் ஒருவன், காய்ந்த வயிற்றோடு எதிரில் வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இன்ன சோறு போடுவார்கள், அந்த அரசன் இப்படிக் கொடுப்பான் என்று வழி சொல்வது. மலைபடுகடாத்தில் நன்னனின் ஊருக்குப் போகும் மலைவழியும், வழியில் குறவர் குடியிருப்புகளில் கிடைக்கும் விருந்தும் விரிவாக உண்டு. வாங்கியவன் வாயை மூடிக்கொண்டு போனால் அடுத்தவன் பட்டினி. அதனால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

சரி, விழாவுக்கு வருவோம். ஆடிப் பதினெட்டன்று கூட்டம் முழுக்கப் பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலை நோக்கித் திரும்பும். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடிய அதே அறப்பளீசுவரர். அறுத்துச் சமைத்த மீன் உயிர்பெற்றுத் துள்ளியது என்பது தலக்கதை, அதனால் ஆற்று மீன்களுக்குப் பொரி போடுவார்கள். கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. அருவி கண்ணில் படுவதற்கு முன்பே சாரல் முகத்தில் படும். இறங்குவது சுலபம். ஏறும்போது எனக்குப் பக்கத்தில் ஏறிய ஒருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, "இன்னும் எத்தனைப்பா?" என்று கீழே இறங்குகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் "பக்கம்தான்" என்றே சொன்னார்கள். படியோரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் மூடிய கிழங்கு. சில்லறை கொடுத்து வாங்கிக் குடித்தேன். இதெல்லாம் காசு கொடுக்க வேண்டிய இடம், பேரம் பேசாதீர்கள்.

சாப்பாடு? இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2002-லிருந்து அன்னதானத் திட்டம் நடக்கிறது. இந்தத் துறையின் பந்தி இல்லாத ஊரிலும் திருவிழா நாளில் யாராவது வேண்டுதலுக்கு அண்டா வைத்திருப்பார்கள். கிடா வெட்டிச் சமைக்கும் குடும்பத்தார், புகையைப் பார்த்து நிற்கிறவரை "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கூப்பிட்டால் உட்காருங்கள், கூப்பிடும்வரை சுற்றிச் சுற்றி வராதீர்கள். சாப்பிட்டவர் இலையை எடுத்துவிட்டு, அடுத்த பந்திக்குத் தண்ணீர் ஊற்றினால் அதற்கு மரியாதையே தனி.

மிச்சம் பிடித்த காசெல்லாம் போக இருந்தது முதல் நாள் இரவில். தப்பு முழுக்க என்னுடையதுதான். தப்பாட்டமும் கரகமும் முடியும்வரை மேடை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்தபோது கடைசி வண்டி போயிருந்தது. ஆடிக் காற்று. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். விழா நாளில் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தால் என் ஐந்நூறு அதில் கால்வாசிக்குக்கூடக் காணாது. ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பமும் அதே நிலையில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் தூக்குவாளியில் புளிசோறு. என்னிடம் மஞ்சப்பைக்குள் வறுகடலைப் பொட்டலம். ஒரே பாயில் சேர்த்து வைத்துச் சாப்பிட்டோம். விடியும் வரை அந்த வீட்டுத் தாத்தா பழைய கூத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார், மேடையில் பார்த்ததைவிட அது நன்றாக இருந்தது. ஆனாலும் இதை யோசனையாக எழுதமாட்டேன். இறங்கியதும் முதல் கேள்வி, "கீழே போக கடைசி வண்டி எத்தனை மணிக்குங்க?" என்பதாகவே இருக்கட்டும். இலவசக் கூத்து ராத்தங்கலில் விழுந்தால் டிக்கெட் கூத்தைவிட விலை அதிகம்.

மறுநாள் இறங்கும் வழியில் சோளக்காட்டில் நிறுத்தினார்கள். சந்தைக்குப் பேர்போன ஊர். மலை வாழை, அன்னாசி, மிளகு, தேன். ஆடியில் பலா கடைசிக் கட்டம். கடைக்காரப் பெண் பழத்தைப் பிளந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பாலை ஒரு குச்சியில் சுற்றி இழுத்து எறிந்துவிட்டு, ஒரு சுளையை நீட்டினாள். "திங்கச் சொன்னா காசா கேக்கறேன்? தின்னு பாத்துட்டு வாங்குங்க." தின்றேன். வாங்காமல் போக மனம் வருமா? வியாபாரத்தில் இந்த இலவசத்துக்கு ஈடு கிடையாது. அதே சாலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியிலிருந்து பச்சை மிளகைச் சரம் சரமாக உருவிக்கொண்டிருந்தார்கள், காரில் வந்த நான்கு பேர். சாலையோரம் தொங்கினால் பொதுச் சொத்து என்று நினைப்பு போலிருக்கிறது. ஒரு குடும்பத்தின் வருஷச் சம்பாத்தியம் அந்தக் கொடியில் தொங்குகிறது.

மலையில் இலவசத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியத்தில் ஊருக்கு ஊர் ரகம் வைத்திருந்த இடம் இது. மரவள்ளியும் காப்பியும் பரவியதில் அவை குறைந்துவந்தபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகளை அமைத்தது. விதைக்குக் காசில்லை. அறுவடை ஆனதும் வாங்கியதைவிடக் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது அடுத்தவருக்குப் போகும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவிலும் இதே முறைதான். பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ இலவசம், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அவர் 2018 டிசம்பரில் காலமானார். அந்த இரண்டு கிலோ விதை எத்தனை வயல்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

நாமக்கல் திரும்பியபோது மாலை. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது, மலைக்கோட்டை அடிவாரத்தில் குடைவரை நரசிம்மரைப் பார்த்துவிட்டு, பதினெட்டு அடி ஆஞ்சநேயர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர், தரிசனத்துக்குக் காசு கேட்பதில்லை. பையில் மிச்சம் நூற்று நாற்பது ரூபாய், ஒரு மஞ்சப்பை, அரைப் பலாப்பழம், மிளகு வாடல் நோய்ப் பிரசுரம்.

அடுத்த ஆடி முதல் வாரத்தில் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரை நின்று படியுங்கள். கொல்லிமலை தூரமாக இருந்தால் பக்கத்து மலையில், பக்கத்துக் கோயிலில் ஏதாவது இருக்கும். போய் வந்ததும் எனக்கு ஒரு அஞ்சலட்டை எழுதுங்கள்: எந்த ஊர், எந்த நாள், என்ன கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு. வரும் கடிதங்களை ஊர்ப் பெயரோடு இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.